சாய்சுழலி வானூர்தியும் கூட்டுப்பொருள்களும்

நின்ற இடத்திலிருந்தே நேராக மேலெழுதல், நெடுந்தொலைவை விரைந்து கடத்தல் என்னும் இரண்டும் மனிதன் வானூர்தியிடம் வேண்டி நின்ற பயன்கள். முன்னதை உலங்கு வானூர்தி தந்தது. பின்னதை இறக்கையுடைய வானூர்தி தந்தது. ஒரே ஊர்தி இரண்டையும் தருதல் எளிதன்று. உலங்கு வானூர்தியின் தலைமீது சுழலும் அலகுகளுள் முன்னோக்கிச் செல்வது ஊர்தியின் வேகத்தையும் சேர்த்துப் பெறுகின்றது. பின்னோக்கி மீள்வதோ அவ்வேகத்தை இழக்கின்றது. ஊர்தி விரைய விரைய மீளும் அலகின் தாங்குந்திறன் குன்றி, ஓரெல்லையில் முற்றாகத் தளர்ந்துவிடும். 1986 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் லிங்க்ஸ் என்னும் உலங்கு வானூர்தி மணிக்கு 400.87 கிலோமீற்றர் வேகத்தை எட்டிச் சாதனை நிறுவியது. அச்சாதனை நெடுங்காலம் விஞ்சப்படாது நின்றமையே அவ்வெல்லை எத்துணை இறுக்கமானது என்பதைக் காட்டும்.

இவ்வெல்லையைத் தாண்டுதற்கு எழுந்த வழிகளுள் ஒன்றே சாய்சுழலி வானூர்தி. இதன் இறக்கை நுனிகள் இரண்டிலும் பெரிய சுழலிகள் உள. எழும்போதும் இறங்கும்போதும் அவை வானை நோக்கி நின்று உலங்கு வானூர்தியின் சுழலிகளாகத் தொழிற்படும். எழுந்தபின் மெல்ல முன்னோக்கிச் சாய்ந்து, முன்னிழுக்கும் விசிறிகளாக மாறும். பாரத்தை இறக்கை ஏற்றுக்கொள்ளும். கருத்து எளியது. ஆயின் கருத்துத் தோன்றியதற்கும் நம்பத்தக்க ஊர்தி வானில் ஏறியதற்கும் இடையே கழிந்த காலம் நெடிது. அதற்குரிய காரணத்தையும், கூட்டுப்பொருள்கள் அதனை எவ்வளவிற்கு நீக்கின என்பதையும் ஈண்டு ஆராய்வாம். கூட்டுப்பொருளின் சிறப்பு அதன் மென்னிறையே எனப் பத்திரிகைகள் எழுதிவருகின்றன. அஃது உண்மையின் பாதியே. சிறிய பாதி என்றுங் கூறலாம்.

அமெரிக்காவின் பெல் நிறுவனம் அமைத்த எக்ஸ்வி-3 என்னும் ஊர்தி 1955 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் முதன்முறை எழுந்தது. அடுத்த ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் சோதனைப் பறப்பொன்றின்போது கடும் அதிர்வு தோன்ற ஊர்தி வீழ்ந்தது, வானோடி படுகாயமுற்றார். மூன்று அலகுடைய சுழலிகளை நீக்கி ஈரலகுச் சுழலிகள் பூட்டப்பட்ட இரண்டாவது ஊர்தி, 1958 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் சுழலிகளை முழுமையாகச் சாய்த்துப் பறந்தது. கருத்து மெய்ப்பட்டது, ஆயின் வேகம் கூடியபோதெல்லாம் சுழலியும் அதனைத் தாங்கும் கூடும் இறக்கையும் ஒருங்கு நடுங்கும் இயல்பு நீங்கவில்லை. 1966 ஆம் ஆண்டில் எயிம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தின் பெரிய காற்றுச் சுரங்கத்தில் இவ்வூர்தியை உச்ச வேகத்திற் சோதிக்க முற்பட்டபோது, இடது இறக்கை நுனி உலோகக் களைப்பினால் முறிய, சுழலிகள் பெயர்ந்து வீழ்ந்தன. அத்துடன் எக்ஸ்வி-3 இன் வாழ்வு முடிந்தது.

இந்நடுக்கத்தின் கொடுமையை உலகம் அதற்கு முன்னரே வேறோர் ஊர்தியிற் கண்டிருந்தது. லொக்கீட் எலெக்ரா என்னும் நான்கு விசிறிப் பயணவானூர்தியொன்று 1959 ஆம் ஆண்டு செத்தெம்பர் 29 ஆந் தேதி ரெக்சாசு மாநிலத்தில் வானிலேயே சிதைந்தது. 34 பேர் மாண்டனர். 1960 ஆம் ஆண்டு மார்ச்சு 17 ஆந் தேதி இன்டியானா மாநிலத்தில் அவ்வினத்து மற்றோர் ஊர்தியின் இறக்கை பிரிந்தது. 63 பேர் மாண்டனர். இயந்திரத்தைத் தாங்கிய அமைப்புத் தளர்ந்திருந்தமையால், சுழலும் விசிறி தன் அச்சையே ஒரு கூம்பின் வடிவிற் சுழற்றத் தொடங்கியதும், அவ்வசைவு இறக்கையின் இயல்பான அதிர்வோடு ஒத்திசைந்து அதனை முறித்ததும் ஆய்விற் புலப்பட்டன. இதனைச் சுழல்நடுக்கம் எனலாம். இத்தகைய அசைவு நிகழக்கூடும் என்பதை 1938 ஆம் ஆண்டிலேயே தெயிலர், பிரவுண் என்னும் இருவர் கணித்துக் காட்டியிருந்தனர். ஏட்டில் இருந்த உண்மை இருபதாண்டுகளுக்குப் பின்னரே பொறியியலாளர் கவனத்தை முழுமையாகப் பெற்றது.

சாய்சுழலியில் இந்நடுக்கம் எலெக்ராவிற் கண்டதினும் சிக்கலானது. பிரயோக கணிதம் பயிலும் மாணவர் இதனைச் சற்று நின்று நோக்குவாராக. சுழலும் பம்பரத்தின் அச்சைத் திருப்ப முயன்றால், அது நாம் தள்ளிய திசையிற் செல்லாது அதற்குச் செங்குத்தான திசையில் விலகும். ஆகவே சுழலியைத் தாங்கும் கூடு மேல்நோக்கித் தலையசைக்கும்போது, சுழலியும் அதனுடன் திரும்ப வேண்டுமாயின் செங்குத்தான திசையில் ஒரு திருப்பம் அதன்மீது தொழிற்படல் வேண்டும். அதனை அளிப்பது காற்றேயாம். வலப்புறத்து அலகின் தாங்குவிசை சற்றுக் கூடும். இடப்புறத்து அலகினது சற்றுக் குறையும். அல்லது மறுதலையாக நிகழும்.

உலங்கு வானூர்தியாக நிற்கையில் இதனால் தீங்கில்லை. முன்னோக்கி விரையும்போதோ, அலகு காற்றை எதிர்கொள்ளும் பொருட்டு அச்சின் திசையை நோக்கிப் பெரிதும் முறுக்கி நிறுத்தப்பட்டிருக்கும். அந்நிலையில் அலகின் தாங்குவிசை அச்சின் வழியே மாத்திரம் செல்லாது. அதன் கணிசமான கூறு சுழலித் தளத்தினுள்ளே விழும். ஒருபுறத்து அலகு மேலேறுகையில் மற்றப் புறத்து அலகு கீழிறங்குவதால், ஒருபுறத்தில் விசை கூடியதும் மறுபுறத்தில் விசை குறைந்ததும் தளத்தினுள்ளே ஒரே திசையிற் சேர்ந்துவிடுகின்றன. சேர்ந்த விசை கூடு எத்திசையில் அசைகின்றதோ அத்திசையிலேயே அதனை மேலும் தள்ளுகின்றது. ஆடும் ஊஞ்சலை அது செல்லும் திசையிலேயே ஒவ்வொரு முறையும் ஒருவன் தள்ளினால் யாது நிகழும்? அதுவே ஈண்டும் நிகழும். வேகத்துடன் இத்தள்ளுவிசை வளர்கின்றது. இறக்கை தன்னியல்பாலும் காற்றின் தடையாலும் பெறும் தணிப்பை அது விஞ்சும் வேகமே அவ்வூர்தியின் உறுதியெல்லையாகும். அவ்வெல்லைக்கு அப்பால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதினும் பெரிதாகி, சில நொடிகளில் அமைப்பு முறியும். 1966 ஆம் ஆண்டில் ஹோல் என்பார் வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மையைத் தெளிவாக நிறுவியது.

நோய் தெரிந்தபின் மருந்தும் தெரிந்தது. கூட்டைத் தாங்கும் இறக்கை எளிதில் முறுகாதிருத்தல் வேண்டும். ஆகவே 1977 ஆம் ஆண்டில் எழுந்த எக்ஸ்வி-15 என்னும் ஊர்திக்கு மிகத் தடித்த இறக்கை அமைத்தனர். இறக்கையின் முன்விளிம்பு தொடக்கம் பின்விளிம்பு வரையுள்ள அகலம் 100 எனின் அதன் தடிப்பு 23. பயணவானூர்திகளில் இத்தடிப்புப் பெரும்பாலும் 10 தொடக்கம் 15 வரையே. தடித்த இறக்கையாற் சுழல்நடுக்கம் பறப்பு வேகத்திற்கு அப்பாற் சென்றது. எக்ஸ்வி-15 ஊர்திகள் இரண்டும் பல்லாண்டு பறந்து, இவ்வினத்தின்மீது நம்பிக்கையை மீட்டுத் தந்தன. ஆயின் விலை செலுத்தாது பெற்ற நன்மையன்று இது. தடித்த இறக்கை காற்றைப் பெரிதும் தடுக்கும். வேகம் ஏற ஏற அத்தடை விரைந்து பெருகும். வேகத்தின் பொருட்டே பிறந்த ஊர்தி, வேகத்தாலாகும் நடுக்கத்துக்கு அஞ்சி, வேகத்தைக் குறைக்கும் இறக்கையைச் சுமந்து திரிந்தது.

தடிப்பைக் குறைத்தால் என்னாகும் என்பதைச் சிறு கணக்கொன்றாற் காணலாம். இறக்கையின் உட்பெட்டியை மூடிய குழாயாகக் கொள்வோம். குழாயின் முறுக்கத்தடை, அது சூழ்ந்துள்ள பரப்பின் வர்க்கத்தைப் பெரும்பாலும் பொறுத்தது. தடிப்பை 23 இலிருந்து 18 ஆக்கினால், சூழ்ந்த பரப்பு 18/23 பங்காகும். அதன் வர்க்கம் ஏறக்குறைய 0.61. சுவரின் தடிப்பும் சுற்றளவும் மாறாதிருப்பின், இறக்கை தன் முறுக்கத்தடையில் ஐந்தில் இரு பங்கை இழந்துவிடும். அலுமினியத்தால் இதனை ஈடுசெய்ய வேண்டின் சுவரைத் தடிப்பாக்கல் வேண்டும்; நிறை ஏறும்; ஏறிய நிறை எழும் திறனை உண்டுவிடும். உலோகத்தோடு நின்றவரை பொறியியலாளர் இவ்வட்டத்தினுள்ளேயே சுற்றிவந்தனர்.

கூட்டுப்பொருள் என்பது ஒன்றோடொன்று கரையாது தத்தம் இயல்போடு நிற்கும் இரு பொருள்களைப் பிணைத்துப் பெறுவது. வன்மையான மெல்லிய இழைகளைக் குங்கிலியம் போன்ற பிசினில் அமிழ்த்தி இறுக வைத்தால், இழை பாரத்தைத் தாங்கும். பிசின் இழைகளைத் தம்மிடத்தில் நிறுத்தும். யாழ்ப்பாணத்தார்க்கு இது புதிதன்று. பனைமரத்தைப் பிளந்து பார்த்தவர் மென்மையான சோற்றினிடையே கரிய வன்மையான நார்கள் நீளவாக்கிற் செறிந்து கிடத்தலை அறிவர். மரத்தின் வெளிப்புறத்தில், வளைவின் சுமை மிகும் இடத்தில், அந்நார்கள் மிகச் செறிந்திருப்பதனாலன்றோ வயிரமேறிய பனஞ்சலாகை கூரையைத் தலைமுறைகள் தாங்குகின்றது! அதே சலாகையை நீளவாக்கிற் பிளத்தல் எளிது. குறுக்கே வெட்டுதல் கடிது. வன்மை எத்திசையில் வேண்டுமோ அத்திசையிலேயே இயற்கை அதனை வைத்திருக்கின்றது.

உருக்கும் அலுமினியமும் அவ்வாறல்ல. எத்திசையில் இழுத்தாலும் ஏறத்தாழ ஒரே தன்மையுடையன. 1963 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பார்ன்பரோவில் வாற்று, பிலிப்சு, ஜோன்சன் என்போர் உயர்வலிமையுள்ள காபன் இழையை ஆக்கும் முறையைக் கண்டபின், இழைத்திசையைத் தாமே வகுக்கும் உரிமை வானூர்தி அமைப்போர் கைக்கு வந்தது. காபன் கூட்டுப்பொருளின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் ஏறக்குறைய 1.6 மடங்கு, அலுமினியத்தினது 2.7 மடங்கு. இம்மென்னிறையும் பெரிதே. ஆயின் எம் ஆராய்ச்சிக்கு உரியது திசையே. முறுக்கத்தை எதிர்க்க வேண்டிய சுவரில், இழைகளை இறக்கையின் நீளத்திற்கு 45 பாகை சாய்வாக, இருபுறமும் மாறி மாறி அடுக்கினால், அதே நிறையில் மிகுந்த முறுக்கத்தடை பெறலாம். வளைவை எதிர்க்க வேண்டிய இடத்தில் நீளவாக்கில் அடுக்கலாம்.

1989 ஆம் ஆண்டு மார்ச்சு 19 ஆந் தேதி முதன்முறை பறந்த வி-22 என்னும் ஊர்தியில் இறக்கைப் பெட்டி காபன் கூட்டுப்பொருளாலானது. உடலமைப்பின் நிறையில் நாற்பது விழுக்காட்டிற்கு மேற்பட்ட பகுதி கூட்டுப்பொருளே. எனினும் அதன் இறக்கையின் தடிப்பும் 23 என்பது கவனிக்கத்தக்கது. புதிய பொருள் வந்தும் பழைய வடிவம் மாறவில்லை. பொருளை மாத்திரம் மாற்றினாற் போதாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் படி ஒன்றுண்டு. மேற்கூறிய அடுக்கில் இழைகள் இருபுறமும் சமமாகச் சாய்ந்தன. அச்சமநிலையை வேண்டுமென்றே குலைத்தால் யாது நிகழும்? இறக்கையின் மேற்சுவரிலும் கீழ்ச்சுவரிலும், மேலிருந்து நோக்குவார்க்கு ஒரே பக்கமாகச் சாயும்படி இழைகளை மிகுதியாக வைப்போம். இறக்கை மேல்நோக்கி வளையும்போது மேற்சுவர் நெருக்கப்படும், கீழ்ச்சுவர் இழுபடும். சாய்ந்த இழைகள் அவ்விரு சுவரையும் எதிரெதிர்த் திசையிற் கோணலாக்கும். ஒன்று ஒருபக்கமும் மற்றது மறுபக்கமும் கோணினால் பெட்டி முறுகும். ஆகவே வளைதல் தானாகவே முறுகுதலைத் தோற்றுவிக்கின்றது. எப்பக்கம், எவ்வளவு முறுக வேண்டும் என்பதை இழையின் கோணமே தீர்மானிக்கும். உடலுக்கேற்ப அளவெடுத்துத் துணி வெட்டுவார் தொழிலை ஒத்திருத்தலின், ஆங்கிலேயர் இதற்குத் தையற்றொழிலின் பெயரையே இட்டனர். 1984 ஆம் ஆண்டிற் பறந்த எக்ஸ்-29 என்னும் ஊர்தி இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. முன்னோக்கிச் சரிந்த அதன் இறக்கை, உலோகமாயின், விரையும்போது முறுகி ஒடிந்துவிடும். சாய்த்து வைத்த காபன் இழைகள் அம்முறுக்கத்தை எதிர்த்து அதனைக் காத்தன.

இது சாய்சுழலிக்கு எவ்வாறு உதவும்? சுழலியும் கூடும் முன்னோக்கி நிற்கையில் அவற்றின் பாரமையம் இறக்கையின் முறுக்க அச்சிற்கு முன்னே அமைகின்றது. இறக்கை மேலாடி உச்சத்தை அடையும்போது, முன்னே நிற்கும் அப்பாரம் மேலும் செல்ல விழைந்து கூட்டின் மூக்கை நிமிர்த்துகின்றது. வளைவும் தலையசைவும் இவ்வாறு கைகோத்துக்கொள்வதே சுழல்நடுக்கத்திற்கு வழிவிடுகின்றது. மேல்நோக்கி வளைகையில் மூக்குத் தாழுமாறு இழைகளைச் சாய்த்து வைத்தால், பாரம் செய்யும் நிமிர்த்தலை இறக்கையே எதிர்த்துக் கழிக்கும். தீய இணைப்பை நல்ல இணைப்பால் முறித்தல் என இதனைக் கூறலாம். இயந்திரமோ கருவியோ எதுவும் வேண்டா. சுவருக்குள் உறைந்து கிடக்கும் இழைகளே ஒவ்வோர் ஆட்டத்திலும் தம் கடமையைச் செய்யும்.

நாசாவின் லாங்லி நிலையத்தாரும் பெல் நிறுவனத்தாரும் இதனை ஆய்ந்தனர். வி-22 இன் ஐந்தில் ஒரு பங்கு அளவான அரையிறக்கை மாதிரியொன்று, காற்றுக்குப் பதிலாகக் கனமான வாயுவை நிரப்பத்தக்க லாங்லிச் சுரங்கத்திற் சோதிக்கப்பட்டது. சிறிய மாதிரி பெரிய ஊர்தியின் இயல்பை உண்மையாகக் காட்டுதற்கு அவ்வாயு துணைசெய்யும். 18 என்னும் தடிப்புடைய மெல்லிய இறக்கையையே எடுத்து, இழைகளைச் சமமாக அடுக்கியதையும் அளவெடுத்து அடுக்கியதையும் ஒப்பிட்டபோது, பின்னதன் உறுதியெல்லை தெளிவாக உயர்ந்தது. மெலிந்த இறக்கை தடையைக் குறைத்து வேகத்தைத் தரும். அதனால் இழந்த உறுதியில் ஒரு பங்கை இழைச்சாய்வு மீட்டுத் தரும். எனினும் பக்கஞ்சாய்ந்த இழைகள் வளைவைத் தாங்குவதில் நேரிழைகளுக்கு நிகரல்ல. ஆகவே வலிமைக்காகச் சிறிது நிறையைச் சேர்க்க வேண்டும். இலாபநட்டக் கணக்கு ஈண்டும் உண்டு. ஆயின் உலோகத்தின் கணக்கிலும் இது நன்று.

சுழலியின் அலகுகளுக்கும் இக்கருத்துப் பொருந்தும். எக்ஸ்வி-15 இன் முதல் அலகுகள் உருக்காலானவை. 1987 ஆம் ஆண்டில் கூட்டுப்பொருள் அலகுகள் அதிற் பூட்டிப் பறக்கவிடப்பட்டன. அலகு அடிதொடக்கம் நுனிவரை முறுக்கப்பட்ட வடிவுடையது. நின்ற இடத்தில் மிதப்பதற்கு ஏற்ற முறுக்கு வேறு, முன்னோக்கி விரைதற்கு ஏற்ற முறுக்கு வேறு, பின்னது கூடியது. ஓரலகு இரண்டிற்கும் நடுவான முறுக்கையே கொள்ள வேண்டியிருந்தது. தேங்காய் நார்க் கயிறு ஒன்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், கயிறு புரி அவிழ்ந்து சுழலுதலை யாவரும் கண்டிருப்பர். அலகின் சுவரிலும் இழைகளைக் கயிற்றின் புரிபோலச் சுற்றி வைத்தால், மையநீக்க விசை அதனை இழுக்குந்தோறும் முறுக்கு மாறும். வி-22 இன் சுழலி மிதக்கும்போது நிமிடத்திற்கு 397 முறையும், விரைந்து செல்லும்போது 333 முறையும் சுழலும். மையநீக்க விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், பின்னதில் அது முன்னதன் 70 விழுக்காடே. ஆகவே மிதக்கையில் இழுவிசை மிகுந்து அலகின் முறுக்கைத் தளர்த்தும். விரைகையில் இழுவிசை குறைய முறுக்கு மீளும். லாங்லியில் இவ்வகை அலகுகளும் ஆராயப்பட்டன. அழகிய கருத்தெனினும், அலகின் முறுக்க இயல்பை மாற்றுதல் நடுக்கத்தின் எல்லையையும் மாற்றக்கூடும் என்பதை மறத்தலாகாது. இறக்கையின் இழைகளே இவ்விரு முறைகளுள் நம்பிக்கைக்கு உரியன என்பது எம் துணிபு.

கூட்டுப்பொருளின் குறைகளும் உள. உலோகத்தில் அடிபட்டால் நசுங்கல் கண்ணுக்குத் தெரியும்; கூட்டுப்பொருளில் மேற்புறம் வழுவழுப்பாயிருக்க உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஈரமும் வெப்பமும் பிசினைத் தளர்த்தும். இழைக்கோணம் சிறிது பிழைத்தாலும் கணித்த இணைப்புப் பிழைத்துவிடும்; ஆகவே ஆக்குவோர் கைத்திறனும் மேற்பார்வையும் கணக்கோடு ஒத்த மதிப்புடையன.

அன்றியும் சாய்சுழலி வானூர்தியின் துன்பங்கள் யாவும் இப்பொருளால் தீர்வன அல்ல. 2000 ஆம் ஆண்டு ஏப்பிரலில் அரிசோனாவில் வி-22 ஒன்று விழுந்து 19 பேர் இறந்தமைக்கு, மெல்ல முன்செல்லும்போது மிக விரைவாக இறங்கியதனால் சுழலி தன் சுழிக்காற்றிலேயே அகப்பட்டமை காரணம். 2015 ஆம் ஆண்டு ஒற்றோபரில் இத்தாலியில் ஏடபிள்யூ609 என்னும் ஊர்தி உயர்வேகச் சோதனையின்போது பக்கவாட்டில் ஊசலாடி அழிய, சோதனை வானோடிகள் இருவர் உயிர்நீத்தனர். அதுவும் உறுதிநிலை பற்றியதே, எனினும் இறக்கை முறுகுதலால் வந்ததன்று. 2023 ஆம் ஆண்டு நவம்பரில் யப்பானின் யாக்குசிமாத் தீவருகே எண்மர் மாண்டதற்குச் சுழலியை இயக்கும் பெட்டியிலிருந்த உருக்குப் பற்சக்கரம் உடைந்தமை முதற்காரணமாயிற்று. காபன் இறக்கையின் நுனியில் உருக்குப் பற்கள் இன்னும் பழையபடியே பாரத்தைத் தாங்குகின்றன.

2017 ஆம் ஆண்டு திசெம்பரில் எழுந்து, பின்னர் மணிக்கு 550 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தை எட்டிய வி-280 என்னும் ஊர்தியை அமெரிக்கத் தரைப்படை 2022 ஆம் ஆண்டு திசெம்பரில் தேர்ந்தெடுத்தது. இதில் இயந்திரங்கள் சாய்வதில்லை. சுழலிகள் மாத்திரம் சாய்கின்றன. வி-22 இன் இறக்கை சற்று முன்னோக்கிச் சரிந்திருக்க, இதன் இறக்கை ஒரு முனை தொடக்கம் மறுமுனை வரை நேரானது. பெரிய அறைகளையுடைய காபன் தேன்கூட்டை இடையே வைத்து, இருபுறமும் காபன் தகடுகளை ஒட்டி ஆக்கப்பட்டது. ஆக்குஞ் செலவைக் குறைத்தலே இவ்வமைப்பின் முதல் நோக்கம்.